ஆறாம் வகுப்பிலேயே ஆரம்பிக்கணுமாம்!

"ஒன்பதாவதா? இப்ப ஆரம்பிச்சாலே லேட்டுங்க. எங்க அபார்ட்மென்ட்ல எல்லாம் ஆறாவதுலயே ஃபவுண்டேஷன் கோர்ஸ் சேர்த்துடறாங்க."

பொங்கலிலிருந்து இன்றுவரை இதை மூன்று பேர் வாயால் கேட்டாயிற்று. மூன்று பேரும் சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் என்று போய்விட்ட எங்கள் ஊர்க்காரர்கள்தான். ஒருத்தர் காதுகுத்துக்கு வந்தவர், ஒருத்தர் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வந்தவர், இன்னொருத்தர் குத்தகைப் பாக்கி கேட்க வந்தவர். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அவர்கள் காரில் ஏறிப் போன பிறகும் அந்த "லேட்டு" என்கிற வார்த்தை ஊரிலேயே தங்கிவிடுகிறது. டீக்கடைக்குப் போகிறது, நூறு நாள் வேலை நடக்கிற வாய்க்கால் கரைக்குப் போகிறது, கடைசியில் யாரோ ஒரு வீட்டில் தோட்டைக் கழற்றி அடகு வைக்க வைக்கிறது. அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். இதைப் படிப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நகரத்தில் இருப்பவர்கள் என்று தெரியும். உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரிக்கான தயாரிப்பு பத்தாவது பரீட்சை முடிந்த மறுநாள் தொடங்குகிறது. அதற்கு முன்னாடியே தொடங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவன் வியாபாரி. "பிளஸ் டூ ரிசல்ட் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்பவர் விவரம் தெரியாதவர். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

டெல்டாவில் நாற்று வயசு என்று ஒன்று பார்ப்போம். குறுவைக்குப் போடும் 110 நாள் ரகத்தை 20, 25 நாளில் பறித்து நட்டுவிட வேண்டும். சி.ஆர். 1009 மாதிரி 155, 160 நாள் ரகம் என்றால் 35, 40 நாள் வரைகூட நாற்றங்காலில் நிற்கலாம். தண்ணீர் வரத் தாமதமாகி நாற்று முற்றிப்போனால் தூர் கட்டாது, கதிர் அவசரமாக வந்து பாதி பதராகும். ரொம்பப் பிஞ்சிலேயே பறித்து நட்டால், கட்டின தண்ணீரிலேயே மூழ்கி அழுகும். (ஒற்றை நாற்று நடவில் 14 நாள் நாற்றை நடுகிறார்களே என்று யாராவது கேட்பீர்கள். நடலாம். அதற்கு நிலத்தைத் தட்டையாகச் சமன் செய்து, தண்ணீரை அளந்து கட்டி, கூடவே நிற்க வேண்டும். அந்த வசதி இருக்கிற வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நான் இங்கே பேசவில்லை.)

ஆறாவது படிக்கிற பிள்ளைக்கு ஃபவுண்டேஷனில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்? எங்கள் ஊருக்கும் அது வந்தது. போன வருடம் பைக்கில் இரண்டு பையன்கள், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். வீடு வீடாக ஏறி, "பாப்பாவுக்கு ஒரு சின்ன ஃப்ரீ டெஸ்ட் வைக்கிறோம்க்கா" என்றார்கள். ஏழாவது படிக்கிற பெண்ணிடம் பத்துக் கேள்வி கேட்டார்கள். ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் இல்லாத கேள்விகள். பிள்ளை முழித்தது. உடனே அம்மாவைப் பார்த்து, "பொண்ணு நல்ல ஷார்ப்புக்கா. ஆனா பேஸ் வீக்கா இருக்கு. இப்பவே பிடிக்கலேன்னா நீட், ஜே.இ.இ. எல்லாம் கஷ்டம்" என்றார்கள். அந்த அம்மா படித்தது ஐந்தாவது. நீட் என்றால் டாக்டர் என்பது மட்டும் தெரியும். தோடு கூட்டுறவு சங்கத்துக்குப் போனது. முன்பணம் கட்டி, மிச்சத்துக்கு மாதத் தவணை. அந்த டேப்லெட்டில் இப்போது அவளுடைய தம்பி கார் ஓட்டி விளையாடுகிறான். தவணை மட்டும் நிற்கவில்லை.

நீட் பாடத்திட்டம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியல். ஜே.இ.இ.யும் அதே இரண்டு வருடப் பாடம்தான், உயிரியலுக்குப் பதில் கணக்கு. ஆறாவதில் பின்னம் கூட்டத் தெரியாத பிள்ளைக்கு அதில் எதைச் சொல்லித் தர முடியும்? பின்னத்தைத்தான் சொல்லித் தர வேண்டும். அது பள்ளிக்கூட வேலை. அதற்கு "ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன்" என்று பெயர் வைத்தால் விலை ஏறுகிறது, அவ்வளவுதான்.

"எல்லாரும் ஓடும்போது நம்ம பிள்ளை மட்டும் எப்படி நடக்கும்?" என்று கேட்பீர்கள். சரி, ஓடுகிறவர்கள் எப்படி ஜெயிக்கிறார்கள் என்று பார்ப்போம். நீட்டின் விளைவுகளை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-ல் அறிக்கை கொடுத்தது. தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பிடித்தவர்களில் இரண்டாம், மூன்றாம் முறை எழுதியவர்களின் பங்கு வருடா வருடம் ஏறி, 2020-21-ல் நூற்றுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. அப்படியானால் அந்தத் தேர்வை ஜெயிக்க வைப்பது பிளஸ் டூவுக்குப் பிறகு ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து லட்சக்கணக்கில் செலவழிக்கிற வசதி. ஆறாவதில் போட்ட அஸ்திவாரம் அவ்வளவு கெட்டி என்றால் எதற்கு இத்தனை பேர் மறுபடி எழுதுகிறார்கள்?

அரியலூர் அனிதாவை மறந்திருக்க மாட்டீர்கள். 1200-க்கு 1176. அந்தப் பெண் ஆறாவதில் கோச்சிங் சேராததால் தோற்றுப் போகவில்லை. ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றினார்கள், அது 2017. அதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆறாவதில் தொடங்குகிறவன் ஏழு வருடம் கழித்து வரப்போகிற தேர்வுக்குத் தயாராகிறான். ஏழு வருடத்தில் என்ன தேர்வு இருக்கும், என்ன விதி இருக்கும் என்று டெல்லியில் இருப்பவர்களுக்கே தெரியாது.

இன்னொன்றை நகரத்து நண்பர்கள் மறந்தேவிட்டார்கள். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங்குக்கு மாநில நுழைவுத் தேர்வு 2007 முதல் கிடையாது. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். எல்லாம் பிளஸ் டூ மார்க்கிலிருந்து. அரசு கலைக் கல்லூரி, வேளாண் கல்லூரி, கால்நடை மருத்துவம், நம் மாநிலச் சட்டக் கல்லூரி, இவற்றுக்கும் பிளஸ் டூ மார்க்தான். எங்கள் ஊரிலிருந்து கல்லூரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் போவது இந்த வழிகளில்தான். நுழைவுத் தேர்வே இல்லாத வாசலுக்கு ஏழு வருடம் முன்னாடியே பயிற்சியா?

இப்படிச் சொன்னவுடன், "அப்ப ஆறாவதிலேர்ந்து ஒண்ணுமே கிடையாதா?" என்று ஒருத்தர் மடக்கினார். உண்டு. ஒன்றே ஒன்று உண்டு. அதை யாரும் விற்பதில்லை, ஏனென்றால் அதில் காசு பார்க்க முடியாது. பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்பது.

ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. முதல் வருடமே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டும் சேர்த்து நானூறு இடங்களுக்கு மேல். 2021-ல் இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று எல்லாத் தொழிற்படிப்புகளுக்கும் அதை விரித்தார்கள். அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. இதற்குமேல் பெண்பிள்ளை என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து.

எங்கள் தெருவில் எனக்குச் சித்தப்பா முறை ஆகிறவர் ஒருத்தர். சொந்த நிலம் இரண்டரை மா, மிச்சம் குத்தகை. அவர் பெண் எட்டாவது வரை எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் படித்தது. "காலேஜுக்குத் தயார் பண்ணணும்னா ஒன்பதாவதுலயே நல்ல ஸ்கூல்ல போடுங்க, இப்பவே லேட்டு" என்று ஊரிலிருந்து வந்த சொந்தம் ஒன்று சொல்லிவிட்டுப் போனது. பக்கத்து டவுனில் ஒரு தனியார் பள்ளியில் போட்டார். நாலு வருடத்துக்கும் பஸ் காசு சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம். பெண் கெட்டிக்காரி, கட்-ஆஃப் 178 வந்தது. இன்ஜினியரிங் விண்ணப்பம் போட இ-சேவை மையத்துக்குப் போனார்கள், நானும் கூடப் போனேன். ஆறாவதிலிருந்து ஒவ்வொரு வகுப்பும் எங்கே படித்தது என்று விண்ணப்பத்தில் வரிசையாகக் கேட்கும். மூன்று வரி அரசுப் பள்ளி, நாலு வரி தனியார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் சாதாரணமாகத்தான் சொன்னது: "7.5 வராதுங்கய்யா. புதுமைப்பெண்ணும் வராது."

"ஏம்மா, எட்டாவது வரைக்கும் கவர்மென்ட்டுதானேம்மா? மூணு வருசம் படிச்சதுக்குக் கொஞ்சமாச்சும் குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டார் சித்தப்பா. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. என் முகத்தைப் பார்த்தது.

அவளோடு எட்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் ஊர்ப் பள்ளியிலேயே தொடர்ந்தது. கட்-ஆஃப் இருபது குறைவு. இன்று அது அரசு இன்ஜினியரிங் கல்லூரியில் ஒரு பைசா கட்டாமல் படிக்கிறது. சித்தப்பா பெண்ணும் இன்ஜினியரிங்தான், தனியார் கல்லூரி. முதல் பட்டதாரி என்பதால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைத்தது, அந்தமட்டுக்கும் நல்லது. மிச்சத்துக்குக் குத்தகை நெல்லில் பாதி போகிறது. "சீக்கிரம் தயார் பண்ணு" என்று யோசனை சொன்ன சொந்தத்துக்கு 7.5 என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அவர் பிள்ளைகள் படிப்பது வேறு வகைப் பள்ளியில். தெரியாததை ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பதுதான் என் கேள்வி.

அரசுப் பள்ளியில் வாத்தியாரே இல்லை என்பீர்கள். சில வருடம் அது உண்மைதான். எங்கள் மேல்நிலைப் பள்ளியில் பாதி வருடம் வரை கணக்குக்கு ஆள் இல்லாமல், பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாகத் தற்காலிகமாக ஒருத்தரைப் போட்டு ஓட்டினார்கள். சண்டை போட வேண்டிய இடம் அது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்து, மறுபடி போய்க் கேட்க வேண்டும். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போவது அதைவிடச் சுலபமாகத் தெரிகிறது. அந்தச் சுலபத்தின் விலையைத்தான் மேலே சொன்னேன்.

ஒன்பதாவதில் ஒரு சின்ன வேலை உண்டு, சொல்லிவிட்டுப் போகிறேன். பெயர். ஆதாரில் ஒரு எழுத்து, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்து வேறு என்று இருந்தால், பத்தாவது மதிப்பெண் சான்றிதழ் அச்சாவதற்குள் சரி பண்ணிவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பெயர்தான் ஆயுளுக்கும். நீட் விண்ணப்பத்தில் ஆதார் பெயரும் பத்தாவது பெயரும் ஒட்டாமல், நடவை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி பத்தாவது முடிந்த மறுநாளுக்கு வருவோம். ஒரு பிள்ளையின் கல்லூரியை முடிவு செய்வது பிளஸ் ஒன்னில் சேரும்போது எடுக்கிற குரூப். எங்கள் ஊரில் இதற்கு எவ்வளவு நேரம் செலவாகிறது தெரியுமா? கால் மணி நேரம். அப்பா லுங்கியை மாற்றிக்கொண்டு வருவார், மார்க்கைப் பார்த்து ஆசிரியர் ஒரு குரூப் சொல்வார், கையெழுத்து. ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூரில் தண்ணீர் திறந்தால் குறுவை நாற்றங்கால் வேலை தலைக்கு மேல் இருக்கும், திரும்பி ஓடத்தான் பார்ப்பார். "கணக்கு எனக்கு வராது" என்று ஒரு பிள்ளை பியூர் சயின்ஸ் எடுக்கும். இரண்டு வருடம் கழித்து அக்கம்பக்கத்தைப் பார்த்து இன்ஜினியரிங் ஆசை வரும். கணக்கு இல்லை, கதவு இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்த பெண் நர்சிங் விசாரிக்கும். உயிரியல் இல்லை. காமர்ஸ் எடுத்தால் பேங்க் வேலை உறுதி என்று ஒரு நம்பிக்கை, எங்கிருந்து வந்ததோ. மார்க் குறைந்த பிள்ளைகளைத் தொழிற்கல்விப் பிரிவில் தள்ளுவது போலத் தள்ளுகிறார்கள், ஆனால் அதிலேயே வேளாண் பிரிவு படித்தவர்களுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் தனி இடம் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை. பிளஸ் டூ பக்கமே போகாமல் பாலிடெக்னிக் முடித்து நேரடியாக இன்ஜினியரிங் இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்பதும் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஏப்ரலில் பரீட்சை முடிந்து ஜூனில் பள்ளி திறக்கும் வரைக்கும் உள்ள நாட்கள்தான் கல்லூரிக்கான முதல் தயாரிப்பு. எந்த குரூப் எந்தக் கதவைத் திறக்கும், எதைச் சாத்தும் என்று உட்கார்ந்து பேச வேண்டிய நாட்கள். அரசு 'நான் முதல்வன்', 'கல்லூரிக் கனவு' என்று நல்ல நிகழ்ச்சிகள் நடத்துகிறது. குறை சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தில் கூட்டி விவரம் சொல்வது பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்கு. குரூப்பைப் பற்றிய பேச்சு பத்தாவது முடித்த பிள்ளையின் வீட்டுத் திண்ணைக்கு வர வேண்டும்.

பிறகு பிளஸ் ஒன் என்கிற வருடம். இதைப் பற்றித்தான் எனக்கு இப்போது பயம் அதிகம்.

ஒரு காலத்தில் பெரிய பெரிய விடுதிப் பள்ளிகள் (பிராய்லர் பள்ளி என்று ஊரில் சொல்வார்கள், பிராய்லர் கோழி கோபித்துக்கொள்ளும்) பிளஸ் ஒன் புத்தகத்தைத் தொடாமலேயே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருவேற்றின. மார்க் கொட்டியது. கல்லூரிக்குப் போனவுடன் முதல் வருடக் கணக்கிலும் இயற்பியலிலும் பிள்ளைகள் கவிழ்ந்தார்கள், ஏனென்றால் அடிப்படை முழுக்கப் பிளஸ் ஒன் புத்தகத்தில் இருந்தது. இதை நிறுத்தத்தான் 2017-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள், 2018 மார்ச்சில் முதல் தேர்வு. அந்த மார்க் கல்லூரிச் சேர்க்கைக்குத் தேவையில்லை என்று சீக்கிரமே ஆக்கிவிட்டாலும், பொதுத்தேர்வு என்ற பயத்திலாவது புத்தகத்தைத் திறந்தார்கள். 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையோடு அந்தத் தேர்வும் போய்விட்டது. பிள்ளைகளுக்குச் சுமை குறைகிறது என்கிறார்கள். மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு எழுதுவது சுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய வித்தையைத் தெரிந்தவர்கள் அதே இடத்தில்தான் இருக்கிறார்கள்.

உங்கள் பிள்ளையோ, உங்கள் ஊர்ப் பிள்ளையோ பிளஸ் ஒன் படித்தால் ஆடி மாதம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்: "எந்தப் புத்தகத்துலேர்ந்து பாடம் நடத்துறாங்க?" பிளஸ் டூ புத்தகம் என்று பதில் வந்தால் அந்தப் பள்ளியோடு சண்டைக்குப் போங்கள். நீட்டில் ஏறக்குறையப் பாதிக் கேள்வி பிளஸ் ஒன் பாடத்திலிருந்து வருகிறது. மரபியல் புரிய, செல் புரிய வேண்டும். மின்னியல் புரிய, விசை புரிய வேண்டும். ஆறாவதில் ஃபவுண்டேஷனுக்கு அவசரப்படுகிறவர்கள், உண்மையான அஸ்திவாரம் போடுகிற வருடத்தை மட்டும் தாண்டிக் குதிக்கிறார்கள். இந்த வேடிக்கை எங்கும் கிடையாது.

"லேட்" என்ற வார்த்தைக்கு உண்மையிலேயே பொருள் இருக்கிற இடம் ஒன்று உண்டென்றால் அது நாட்காட்டி.

தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் ஒரு மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, நிஃப்டெம். ஒரு காலத்தில் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக இருந்தது. டெல்டாவின் ஈரநெல்லுக்கு வழி கண்டுபிடிக்க என்று வளர்ந்த இடம். இன்று அங்கே உணவுத் தொழில்நுட்பத்தில் பி.டெக். உண்டு. நெல் விளைவிக்கிறவன் பிள்ளை அங்கே போகாமல் வேறு யார் போவது? ஆனால் அதில் சேர ஜே.இ.இ. மெயின் எழுதியிருக்க வேண்டும். தேர்வு ஜனவரியில். விண்ணப்பம் போடுவது அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பரில். அந்த நேரத்தில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு பக்கம் குறுவை அறுப்பு, நெல் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போட்டு ராத்திரிக் காவல். இன்னொரு பக்கம் தாளடி நடவு. மேலே ஐப்பசி மழை. கைப்பேசியில் விண்ணப்பத் தேதி பார்க்க யாருக்கு நினைப்பு இருக்கும்? மே மாதம் ரிசல்ட் வந்த பிறகு, "தஞ்சாவூர்லயே இருக்காமே, சேத்து விடலாமா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். ஏழு மாதம் லேட். ஏழு வருடம் இல்லை, ஏழு மாதம்.

திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம் வந்து, 2009-லிருந்து இருக்கிறது. பஸ்ஸில் போகிற தூரம். அதற்கு க்யூட் எழுத வேண்டும், விண்ணப்பம் பிளஸ் டூ பரீட்சை முடிவதற்குள்ளேயே வந்து போய்விடுகிறது. தேசிய சட்டப் பள்ளிகளுக்கான கிளாட் டிசம்பரிலேயே முடிந்துவிடும். இவற்றில் ஜே.இ.இ.யும் க்யூட்டும் தமிழிலேயே எழுதலாம். அதையும் சொல்ல ஆள் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு மூளை குறைவு என்றோ ஆறாவதில் தொடங்கவில்லை என்றோ நினைக்காதீர்கள். ஒரு தேதியை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

சான்றிதழ்களும் அப்படித்தான். வருமானச் சான்றிதழுக்கு ஒரு வருடம்தான் உயிர். மத்திய அரசு நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக எடுக்க வேண்டும், ஊரில் வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. அண்ணனோ அக்காவோ பட்டம் வாங்கியிருந்தால் முதல் பட்டதாரி சலுகை தம்பிக்கு இல்லை. இதெல்லாம் கவுன்சிலிங் வாரத்தில் தெரிந்து என்ன பிரயோசனம்? பழங்குடி மக்களுக்கு இன்னும் கொடுமை. அவர்களுடைய சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். விசாரணை, மறு விசாரணை என்று வருடக்கணக்கில் இழுக்கிறது. ஆறாம் வகுப்பிலேயே ஒரு பிள்ளை தயாரிப்பைத் தொடங்க வேண்டும் என்றால் அது இருளர் குடியிருப்பில், காட்டுநாயக்கர் குடியிருப்பில் இருக்கிற பிள்ளை. கோச்சிங்குக்கு இல்லை, ஒரு காகிதத்துக்கு. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இது யார் நினைவுக்கும் வருவதில்லை.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கு இந்தத் தேதிகள் தானாக வந்து விழுகின்றன. பள்ளியில் சொல்கிறார்கள், லிஃப்டில் பார்க்கிறவர் சொல்கிறார், அலுவலகத்தில் பக்கத்துச் சீட்டுக்காரர் சொல்கிறார். அதனால் அது ஒரு பெரிய சொத்து என்பதே உங்களுக்குத் தோன்றுவதில்லை. ஊருக்கு வரும்போது அந்தத் தேதிகளை வீட்டில் விட்டுவிட்டு, பயத்தை மட்டும் டிக்கியில் போட்டு எடுத்து வருகிறீர்கள். "என்ன மார்க்கு? எந்த கோச்சிங்? இப்பவே லேட்டாச்சே" என்று கேட்டுவிட்டுப் போகிறீர்கள். அதற்குப் பதிலாக ஒரு பிளஸ் டூ பிள்ளையின் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அதன் கைப்பேசியில் நாலு தேதியை அலாரம் வைத்துக் கொடுத்தால் போதும்.

எங்கள் தெருவில் இந்த வருடம் பிளஸ் டூ படிப்பவர்கள் ஏழு பேர். மூன்று பேர் கணக்கோடு எடுத்தவர்கள், இரண்டு பேர் பியூர் சயின்ஸ், இரண்டு பேர் காமர்ஸ். பத்தாவது படிப்பவர்கள் ஐந்து பேர், அவர்களுக்கு ஏப்ரலில் வந்தால் போதும். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஐப்பசியிலேயே வர வேண்டும். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள் யாராவது மடிக்கணினியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவில் உட்கார முடியுமென்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பத்தாவது மார்க் ஷீட், போட்டோ எல்லாம் தயாராக எடுத்து வைக்கச் சொல்கிறேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். அறுப்பு மிஷின் என்றைக்கு வருகிறது என்று பார்த்துவிட்டுத் தேதி சொல்கிறேன்.